எல்லை நாடா

வெல்லம்பிட்டிக்குப் பின்னால்
களனி ஆறு எப்போதோ புரண்டு படுத்த இடம்.
காணி வரைபடம் அதை
வெற்று நிலம் என்கிறது.
சப்பாத்தைக் கழற்றிக் கம்பூட்ஸ் மாட்டினேன்.
வெற்று நிலம்
முழங்கால் வரை ஏறியது.

பொறியியலாளர் அபேகோன்
தார் வீதியில் நின்றபடியே கேட்டார்:
"எங்கே முடியுது மிஸ், உங்கட ஈரம்?"
அவருக்கு வேண்டியது ஒரு கோடு.
கோட்டுக்கு அந்தப் பக்கம் தோண்டலாம்.
பதினொரு மீற்றர் மணல் கீழே,
கியூப் கணக்கில்
ஏற்கெனவே விலை பேசியாயிற்று.

நானும் இம்தியாசும்
துளைகருவியை முறுக்கி இறக்கினோம்.
முதலில் கறுப்பு, வேர், ஒரு சோடா மூடி.
பிறகு சாம்பல் நிறம்,
சாம்பலுக்குள் துருப்பிடித்த புள்ளிகள்,
கூழ்முட்டை நாற்றம்.
நிற அட்டையோடு ஒப்பிடத் தேவையே இல்லை.
ஒப்பிட்டேன்.
மூக்கின் சாட்சியம் எந்தக் கோப்பிலும் செல்லாது.

தண்ணீர் வந்திருக்கிறது, நின்றிருக்கிறது,
போயிருக்கிறது, மறுபடி வந்திருக்கிறது.
படிவத்தில் மூன்று பெட்டிகள்:
நிரந்தரம். பருவகாலம். இல்லை.
மாசி மாதம் பார்த்து எங்களை அனுப்பியவர்கள்
மூன்றாவதை நம்பியிருந்தார்கள்.

சேற்றில் ஒரு மீன்பிடிப் பூனையின் தடம்,
தேநீர்க் கோப்பையின் அடியளவு.
அதற்குப் பெட்டி இல்லை.
"ஏனைய அவதானிப்புகள்" என்று
அரை வரி இருந்தது.
அரை வரியில் பூனையை நடக்கவிட்டேன்.

பின்னேரம் வரை எல்லை கட்டினோம்.
செம்மஞ்சள் நாடா,
அழியாத மையில் என் கையெழுத்து,
ஈ 1, ஈ 2, ஈ 3 என்று
முப்பத்தாறு முடிச்சுகள்.
இருபதாவதில் எனக்கே சந்தேகம்.
புல் மாறும் இடம் ஒன்று, மண் மாறும் இடம் இன்னொன்று.
இரண்டுக்கும் நடுவே
இம்தியாஸ் சிகரெட் பற்றவைத்த இடத்தில்
எல்லை விழுந்தது.

அடுத்த செவ்வாய் போனால்
ஒரு நாடாவும் இல்லை.

"கம்பனி வேலை" என்றான் இம்தியாஸ்.
பொலிசுக்குக் கடிதம்கூட எழுதத் தொடங்கினேன்,
வானின் இருக்கையில், மடியில் வைத்து,
கோபத்தில் எழுத்துப் பிழைகளோடு.

சந்தியில் வான் நின்றது.
சாக்கு விரித்து ரினோசா கங்குங் விற்றுக்கொண்டிருந்தாள்.
ஒவ்வொரு கட்டின் இடுப்பிலும்
செம்மஞ்சள் நாடா.

"நல்ல ரிபன் மிஸ். நூல் எண்டா அவுந்துரும்."
எங்கே எடுத்தது?
"நான் கீரை வெட்டுற இடத்தில.
யாரோ கட்டிப்போட்டுப் போயிருந்தாங்க.
ஐப்பசியில அதெல்லாம் தண்ணிக்குள்ள போயிருமே,
வீணாத்தானே போகும்னு அவுத்தேன்."

எல்லாமா?
"முப்பத்தாறும்.
மேல வேலியோரம் கட்டியிருந்ததும் சேத்து."

எல்லை ஒரு கட்டு எண்பது ரூபாய்.
ஈ 7-ஐ வாங்கினேன்.
மிச்சமிருந்தவற்றை இம்தியாஸ் படம் எடுத்தான்,
அளவுகோலாகப் பேனாவைப் பக்கத்தில் வைத்து,
சிரிக்காமல்.

இரவு, வெள்ளவத்தை, ஏழாம் மாடி.
இருபது வருடக் கடனில் என் பெயருக்கு வரப்போகும் சுவர்கள்.
எந்த ஆற்று மணல் என்று
வாங்கும்போது நான் கேட்கவில்லை.
தரையோட்டின் நிறம் கேட்டேன்,
லிஃப்ட் பழுதானால் யார் பொறுப்பு என்று கேட்டேன்.

முடிச்சை அவிழ்த்துக் கீரையை உதறினேன்.
கழுவுதொட்டியில் கடுகளவு நத்தை ஒன்று விழுந்து
கொஞ்சம் யோசித்து
எஃகின் மேல் நகரத் தொடங்கியது,
பின்னால் ஒரு மெல்லிய ஈரக்கோடு.

குழாயைத் திறக்கக் கை போனது.
திறக்கவில்லை.
மேசையில் அறிக்கை விரிந்து கிடந்தது.
எல்லை வரைபடத்தை அழித்துவிட்டு,
ஐப்பசியில் மறு ஆய்வு தேவை என்று எழுதினேன்.
அபேகோன் நாளை தொலைபேசியில் கத்துவார்.

நத்தை இப்போது விளிம்பில்.
இரண்டு கொம்பையும் நீட்டி
இந்தப் பக்கம் பார்க்கிறது.